வரப்பில் ஒரு நீலம்

"எல்லாம் கிடைச்சுடுச்சு. நீலம் மட்டும் சிக்க மாட்டேங்குது டீச்சர்!"

ஷஹ்பாஸ் கத்தினான். அவன் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வான் என்பது ஆறாம் வகுப்பு முழுக்கத் தெரிந்த விஷயம்.

வாய்க்கால் கரைப் புங்கமரத்து நிழலில் பரீட்சை அட்டைகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வயல் பாதி முளைத்திருந்தது. செங்கல்லை உரசி எடுத்த சிவப்பு. அடுப்புக்கரியின் கறுப்பு. அவரை இலையைக் கசக்கிய பச்சை. வாய்க்கால் வண்டலில் மட்டும் நாலைந்து விதமான பழுப்பு. ஓவிய ஆசிரியை ஹுமைரா போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று. வயலை வரைய வேண்டுமானால் வயலில் கிடைப்பதை வைத்துத்தான் வரைய வேண்டும். கடையில் வாங்கிய கலர் ஒரு சொட்டுக்கூட அட்டையில் படக் கூடாது.

அதனால் எல்லா அட்டையிலும் வானம் மட்டும் காலி.

"மேகமூட்டம்னு சொல்லிக்கலாம் டீச்சர்," என்றான் இனியவன். வகுப்பிலேயே குட்டையானவன், யோசனைகள் மட்டும் பெரிது.

"ஏமாத்து வேலை. நீலம் இருக்குடா. வரும்போது வண்டியிலேருந்து என் கண்ணால பாத்தேன். அந்த மோட்டார் கொட்டகைப் பக்கம் எங்கியோ ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. யாரு முதல்ல கொண்டு வர்றீங்களோ, அவங்க படம்தான் திங்கக்கிழமை நோட்டீஸ் போர்டுல."

கொட்டகைச் சுவரையொட்டிய புதரில் சங்குப்பூ பூத்திருந்ததைத்தான் ஹுமைரா சொன்னாள். தலைமை ஆசிரியர் அனுமதி கொடுத்தது புங்கமரம் வரைக்கும்தான். மதகைத் தாண்டினால் சாமிதுரையின் வயல். நாலு எட்டில் என்ன வந்துவிடப் போகிறது?

பிள்ளைகள் மதகின் மேல் ஓடிச் சிதறினார்கள். நாலு பக்க வரப்பிலும் தலைகள் தெரிந்தன. குறுவைப் பயிர் தொண்டைக்கதிராக நின்றது. இன்னும் சில நாளில் கதிர் வெளியே தள்ளிவிடும். முந்தின இரவின் இடிமழையில் வரப்பெல்லாம் சொதசொதவென்று ஊறியிருந்தது.

ஒருத்தி மட்டும் போகவில்லை. செம்மொழி. அவள் 'அவுட்.'

அது ஹுமைரா கண்டுபிடித்த ஆட்டம். வெளியே கூட்டிவந்தால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறார்கள், எதையும் பார்ப்பதில்லை. அதற்காக ஒரு வித்தை. அவள் "கொக்கு!" என்றால் அவரவர் இருந்த இடத்தில் ஒற்றைக்காலில் நின்று, கண்ணுக்கு நேரே தெரிவதை உற்றுப் பார்க்க வேண்டும். "பற!" என்று சொல்லும்வரை அசையக் கூடாது. அசைந்தால், சிரித்தால் அவுட். அன்று முழுக்க ஆட்டத்தில் சேர்த்தியில்லை. ஷஹ்பாஸ் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டியதைப் பார்த்துச் செம்மொழி சிரித்துத் தொலைத்தாள்.

"ஆட்டத்துலதானே டீச்சர் அவுட்? தேடுறதுல இல்லையே?"

"வாய் ரொம்ப. போ."

"அது எங்க வயலு டீச்சர். நீலம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். காலையிலேயே பாத்துட்டேன்."

சாமிதுரையின் மகளுக்குச் சங்குப்பூ தெரியாதா என்று ஹுமைரா சிரித்துக்கொண்டாள். ஆனால் செம்மொழி கொட்டகைப் பக்கம் போகவில்லை. நேர் எதிராக, மேற்கு வரப்பில் நடந்தாள்.

எங்கே போகிறது இந்தப் பெண்?

ஹுமைரா பின்னாலேயே போனாள். புர்காவின் விளிம்பு ஈரப்புல்லில் புரண்டது.

முதலில் ஒரு எலி. செத்து, உப்பி, வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. மருந்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் ஒரு பெருச்சாளி. அப்புறம் கயிறு மாதிரி விறைத்துப்போன ஒரு சாரைப்பாம்பு.

மருந்து தின்ற எலி கண்ட இடத்தில் போய்ச் சாகும். இவை அத்தனையும் கோடு கிழித்த மாதிரி ஒரே நேராகக் கிடந்தன.

அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்தாள். புல்லுக்குள்ளே, கணுக்கால் உயரத்தில், சிறு குச்சிகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தது அது. துருப்பிடிக்காத புதுக் கட்டுக்கம்பி.

"செம்மொழி! இது என்ன கம்பி?"

"எலிக்குப் போட்டது டீச்சர்." அவள் திரும்பாமலே பதில் சொன்னாள். "கிட்டி வச்சா ஒண்ணு ரெண்டு எலிதான் மாட்டுது. இது போட்டா மொத்தமா காலி. அப்பா வயல் முச்சூடும் சுத்திக் கட்டியிருக்காங்க."

"கரண்ட்டா?"

"ராத்திரிக்கு மட்டும்தான் டீச்சர். இந்த வாரம் மோட்டார் கரண்டு நைட்டுல்ல? பகல்ல வராது. கம்பி சும்மாதான் கிடக்கும். அதுவும் இல்லாம கம்பிக்குக் கரண்டு குடுக்குற கொக்கியை அப்பா காலையிலேயே கழட்டிடுவாங்க. எங்கப்பாவை என்னன்னு நெனச்சீங்க?"

குரலில் பெருமை. வரப்பு திரும்பும் மூலைக்குப் போய்விட்டிருந்தாள். அங்கே கம்பிக்கு அடியில் ஏதோ பளிச்சென்று தெரிந்தது.

மீன்கொத்தி. எலியைக் கொத்த வந்ததோ, குச்சியில் உட்கார வந்ததோ. ஒரு சிறகு கம்பியின் மேல் விரிந்து கிடந்தது. எந்தக் கடையிலும் வாங்க முடியாத நீலம்.

"பாத்தீங்களா டீச்சர், நான்தான் ஜெயிச்சேன்!"

ஹுமைரா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பகலில் கரண்ட் கிடையாது. சரி. கொக்கியும் கழற்றியாகிவிட்டது. சரி. இருந்தாலும் பத்துப் பிள்ளைகள் இந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரையும் திரும்பக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

டக்.

கொட்டகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. தொடர்ந்து ஒரு உறுமல். குழாய் வாய் காற்றைக் கக்கியது, இருமியது, பிறகு வெள்ளையாகத் தண்ணீரைக் கொட்ட ஆரம்பித்தது.

உள்ளே யாரும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. கரண்ட் வந்தால் தானாகவே மோட்டாரைக் கிளப்பிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இந்தப் பக்கத்துக் கொட்டகை எல்லாவற்றிலும் உண்டு. ராத்திரி இடிமழையில் நின்றுபோன கரண்ட்டைப் பகலில் விட்டிருக்கிறார்கள்!

செம்மொழி குனிந்துகொண்டிருந்தாள். கை மீன்கொத்தியை நோக்கி நீண்டிருந்தது.

"கொக்கு!"

ஹுமைராவின் தொண்டையிலிருந்து வந்தது அவளுக்கே தெரியாத குரல். நாலு வரப்பிலும் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். பழக்கம். ஓடியவன் நின்றான், தாண்டப் போனவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

செம்மொழி மட்டும் நிற்கவில்லை.

"நான்தான் அவுட் ஆச்சே டீச்சர்," என்றாள், கையை இன்னும் நீட்டியபடி.

"சேத்துக்கிட்டேன்! நீ உள்ள வந்துட்ட! கொக்கு, செம்மொழி, கொக்கு!"

கை நின்றது.

"நெசமாவா?"

"அல்லா மேல சத்தியமா!"

செம்மொழி நிமிர்ந்தாள். சந்தேகத்தோடு டீச்சரைப் பார்த்தாள். பிறகு, ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட சந்தோஷத்தில், விறைப்பாக ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் ஹுமைராவுக்கு உறைத்தது, தான் என்ன செய்திருக்கிறோம் என்று. வழுக்கும் வரப்பு. ஒரு முழத்தில் கம்பி. அதன் பக்கத்தில் பதினோரு பிள்ளைகள், ஒற்றைக்காலில்! ஒருத்தன் தடுமாறினால்? கடைசி மூலையில் இனியவன் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்குச் சட்டம் மாத்தியாச்சு!" என்று கத்தினாள். "ரெண்டு காலையும் ஊனுங்க! மெதுவா! ஊனிட்டு அப்படியே நில்லுங்க. நான் வந்து தொடுற வரைக்கும் யாரும் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. கீழ கம்பி இருக்கு. அதுல கரண்ட் வந்துடுச்சு!"

கடைசி வார்த்தையைச் சொல்லலாமா என்று யோசிக்க நேரமில்லை. சொல்லிவிட்டாள். யாரோ ஒரு பெண் விசும்பத் தொடங்கினாள். ஆனால் ஒருத்தரும் நகரவில்லை.

புர்காவை ஒரு கையால் முழங்கால்வரை சுருட்டிப் பிடித்தாள். அது இதுவரை எத்தனை இடத்தில் கம்பியை உரசியிருக்கும் என்ற நினைப்பை விழுங்கிக்கொண்டு, மறு கையால் போனை எடுத்தாள். பெற்றோர் குரூப்பில் சாமிதுரையின் பெயரைத் தேடினாள். வெயிலில் திரை தெரியவில்லை. விரல் ரெண்டு தரம் தப்பான பெயரில் விழுந்தது.

சாமிதுரை எடுத்ததும் முதலில் நாதஸ்வரம் கேட்டது.

"சொல்லுங்க டீச்சர். நீடாமங்கலத்துல கல்யாணம். பந்தியில உக்காந்திருக்கேன்."

"அண்ணே, உங்க வயல்ல எலிக்குப் போட்ட கம்பி…"

"கம்பியா? எந்தக் கம்பி? நம்ம வயல்ல கம்பியெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்களே!"

மின்வேலி போட்டால் கேஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே போடுகிறவர்களிடம் இந்தப் பதிலும் தயாராக இருக்கும்.

"அண்ணே, மோட்டார் ஓடுது. கேளுங்க." போனைக் கொட்டகைப் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"அதெப்படி… இந்த வாரம் நைட்டுல்ல…"

"செம்மொழி கம்பிக்குப் பக்கத்துல நிக்குது."

நாதஸ்வரத்துக்கு மேலே ஒரு பெஞ்சு தடாலென்று சரிந்த சத்தம்.

"டீச்சர்! கொக்கி… கொக்கியைக் கழட்டல டீச்சர்! முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, பகல்ல எங்க கரண்டு வரப்போவுதுன்னு… ஐயோ!"

"அழுவாதீங்க. எங்க இருக்கு, சொல்லுங்க."

"கொட்டகைக்குப் பின்னால. சுவத்து ஓட்டை வழியா ஒரு வயர் வரும். அதுல கொக்கி, வேலிக் கம்பியில மாட்டியிருக்கும். கையால தொட்டுடாதீங்க. சுவத்தோரமா காஞ்ச மூங்கில் சாத்தியிருக்கேன். அதால தட்டி விடுங்க. ஆனா ஈரமா இருந்தா வேணாம் டீச்சர்! ராத்திரி மழை வேற பேஞ்சிருக்கு…"

போனை வைத்தாள். கொட்டகை எதிர் மூலையில். அவள் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

"ஷஹ்பாஸ்!"

"டீச்சர்!"

"நீதான் அம்பயர். நின்ன இடத்துலேருந்தே எல்லாரையும் பாரு. யாராவது அசைஞ்சா பேரைச் சொல்லிக் கத்து. நீ அசையக் கூடாது."

"சரி டீச்சர்." அவன் குரல் முதல் தடவையாகச் சின்னதாக வந்தது.

ஹுமைரா வந்த வழியே, தன் காலடித் தடங்களிலேயே கால் வைத்து மதகுக்குத் திரும்பினாள். அங்கிருந்து வாய்க்கால் கரையோடு ஓட்டம். முள் கிழித்தது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"இனியவன்! டேய், காலை ஆட்டாதடா!"

"எறும்பு கடிக்குதுடா!"

"கடிச்சா கடிக்கட்டும்டா, லூசு!"

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும்.

கொட்டகைக்குப் பின்னால் காட்டாமணக்குப் புதர். அதை விலக்கினாள். சுவரில் ஓட்டை. கறுப்பு வயர். வயரின் முனையில் தூண்டில் மாதிரி வளைந்த கொக்கி, வேலிக் கம்பியைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

கொக்கிக்கு ஒரு ஜாண் மேலே, புதரெல்லாம் படர்ந்து, கொத்துக் கொத்தாகச் சங்குப்பூ.

அவள் பிள்ளைகளைத் தேடச் சொன்ன நீலம். யாராவது சமர்த்தாக முதலில் இங்கே வந்து கையை நீட்டியிருந்தால்?

"ஹாஃபிஸா! குந்தாத! எழுந்து நில்லு!" ஷஹ்பாஸின் குரல் உடைந்துகொண்டு வந்தது.

மூங்கில் சாத்தியிருக்கவில்லை. காற்றில் விழுந்து கிடந்தது. அடிப்பாதி தண்ணீரில் ஊறிக் கறுத்திருந்தது. மேல்பாதி வெயிலில் கிடந்து காய்ந்திருந்தது. காய்ந்திருந்ததா, காய்ந்த மாதிரி தெரிந்ததா? கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு. ஈரமில்லை. ஊறிய பக்கத்தைத் தரையில் படாமல் பின்னால் தூக்கிவிட்டு, காய்ந்த பாதியின் நடுவில் பிடித்தாள். ரப்பர் செருப்பை மிதித்து அழுத்திக்கொண்டாள்.

"செம்மொழி!" என்று கத்தினான் ஷஹ்பாஸ்.

அவ்வளவுதான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. என்ன ஆயிற்று? ஏன் மேலே பேசவில்லை? மோட்டார் மட்டும் கூசாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"யா அல்லா," என்று சொல்லிக்கொண்டே மூங்கிலை நீட்டினாள். நுனி கொக்கியில் பட்டு வழுக்கியது. இரண்டாம் தரம் அடியிலிருந்து நெம்பினாள். நீலமாக ஒரு பொறி பறந்தது. கொக்கி கழன்று சுவரோரமாகத் தொங்கி ஆடியது.

மோட்டார் நிற்கவில்லை. அது தனி வயர், ஓடத்தான் செய்யும். ஆனால் அந்தச் சத்தம் ஓயாதபோது கம்பி செத்துவிட்டது என்று எப்படி நம்புவது? இது ஒன்றுதான் கொக்கியா? எதுவும் இல்லையென்று முதலில் சாதித்த மனுஷனின் பேச்சு அல்லவா?

நம்பவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் போய்த் தொட்டு, தூக்கி, கம்பியில் படாமல் வாய்க்கால் பக்கமாக இறக்கி, ரோட்டில் கொண்டுபோய் விட்டாள். இனியவனின் காலெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. "அசையலை டீச்சர்," என்றான். "விரலை மட்டும்தான் ஆட்டினேன்."

கடைசியாகச் செம்மொழி. உயிரோடு, நேராக, ரெண்டு காலையும் ஊன்றி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஹுமைரா தூக்கியபோது மரக்கட்டை மாதிரி வந்தாள்.

"ஷஹ்பாஸ் ஏன் உன் பேரைச் சொன்னான்? அசைஞ்சியா?"

தலையாட்டினாள். இல்லை என்று.

"ஒரு தவளை டீச்சர்," என்றாள். "என் கால்கிட்டேருந்து கம்பிக்குக் குதிச்சுச்சு. அப்படியே… அப்படியே ஒட்டிக்கிச்சு. பக்கத்துலதான் பறவை இருந்துச்சு. நான் எடுக்க இருந்தேன்."

ரோட்டில் நின்றபடி ஹுமைரா லைன்மேனுக்குப் போன் செய்தாள். பிறகு தலைமை ஆசிரியருக்கு. புங்கமரத்தைத் தாண்டியதையும் சேர்த்தே சொன்னாள்.

சாமிதுரை பைக்கில் வந்து இறங்கினார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் இன்னும் சோற்றுப் பருக்கை. ஸ்டாண்டு போடாமல் வண்டியைப் போட்டுவிட்டு மகளை நோக்கி ஓடி வந்தார். பாதி வழியில் கண் வரப்புப் பக்கம் போனது. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

குச்சிகளைப் பிடுங்கினார். கம்பியைச் சரசரவென்று சுருட்டினார். மகளிடம் வந்தபோது தோளில் அந்தச் சுருள் கிடந்தது. செம்மொழி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"ஒண்ணும் ஆகலல்ல டீச்சர்? புள்ளைங்க நல்லாருக்குல்ல? அப்ப இத்தோட விட்டுடுவோம். வெளியில போனா எனக்குக் கேஸு. புள்ளைங்கள வயலுக்கு இழுத்துக்கிட்டு வந்தது யாருன்னு உங்களையும்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் அண்ணே. நானே சொல்லிட்டேன். லைன்மேன் வந்துக்கிட்டிருக்காரு."

"ஊர்ல நான் ஒருத்தன்தானா போட்டிருக்கேன்?" என்றார் சாமிதுரை, கெஞ்சலா கோபமா என்று தெரியாமல். "எலி மொத்தத்தையும் வெட்டிப் போட்டா என்ன பண்ணச் சொல்றீங்க?"

ஹுமைரா ரோட்டில் நின்ற பிள்ளைகளை இன்னொரு தரம் எண்ணினாள்.

செம்மொழி அவர்கள் பேசியதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கரித்துண்டை எடுத்துக்கொண்டு கொட்டகையின் முன்சுவருக்குப் போனாள். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர். ரோட்டைப் பார்த்த சுவர். அதில் ஒரு நீளக் கோடு இழுத்தாள். கோட்டுக்குக் கீழே எலி. பெருச்சாளி. பாம்பு. கோட்டின்மேல் கையையும் காலையும் விரித்து ஒட்டிக்கொண்ட தவளை.

"ஏய், நம்ம கொட்டகையில என்னடி பண்ற? அழிச்சுடு."

அவள் அழிக்கவில்லை. இனியவன் போய்ச் செங்கல் துண்டை எடுத்தான். அப்புறம் ஷஹ்பாஸ், ஹாஃபிஸா. கோட்டுக்கு மேலே ஒவ்வொருவரும் தன்னை ஒரு கொக்காக வரைந்துகொண்டார்கள்.

மீன்கொத்திக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தாள் செம்மொழி. நீலம் வேண்டும். சங்குப்பூ கொட்டகைக்குப் பின்னால்தான் இருந்தது. கொக்கி கழன்றாயிற்று, கம்பியும் சுருட்டியாயிற்று. ஆனாலும் பதினோரு பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் போகத் துணியவில்லை. ஹுமைராவும்தான். இடம் வெள்ளையாகவே கிடந்தது.

அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாலு வயல் தள்ளி, வேறு யாருடைய கொட்டகையிலோ ஒரு மோட்டார் 'டக்' என்று உறுமிக்கொண்டு கிளம்பியது.

யாரும் "கொக்கு" என்று சொல்லவில்லை.

பதினோரு பிள்ளைகளும் சுவரில் வைத்த கையை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். தோளில் கம்பிச் சுருளோடு சாமிதுரையும் நின்றார். ஹுமைரா குனிந்து, தன் காலடிப் புல்லைப் பார்த்தாள்.